முற்றத்திற்குச் சென்ற பள்ளி

குருவைத் தேடிச் சீடன் செல்வது நம் நாட்டின் தொன்மையான மரபு. ஆனால் மூன்று வயதுக் குழந்தை யாரைத் தேடிச் செல்லும்? அதனை நாடி ஆசிரியரே செல்ல வேண்டும் என்பதைத் தமது வாழ்க்கையால் உணர்த்தியவர் தாராபாய் மோதக்.

1892-ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த தாராபாய், பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த அக்காலத்திலேயே பட்டம் பெற்றார். ராஜ்கோட்டில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். மதிப்பு மிக்க அப்பதவியை விட்டு, 1923-இல் பவநகருக்குச் சென்றார். அங்கே கிஜுபாய் பதேகா 1920-இல் ஒரு பால மந்திரைத் தொடங்கியிருந்தார். வழக்கறிஞர் தொழிலைத் துறந்து குழந்தைகளிடம் வந்த கிஜுபாயை மக்கள் மீசை வைத்த அன்னை என்று அழைத்தனர். அடியும் அச்சமும் அங்கே இல்லை. கதையும் பாட்டும் விளையாட்டுமே கல்வியாயின. 1926-இல் இருவரும் நூதன பால சிக்ஷண சங்கத்தை நிறுவினர். 1936-இல் தாராபாய் மும்பையின் தாதர் பகுதியில் சிசு விஹாரைத் தொடங்கினார்.

நகரத்துப் பள்ளி நன்கு வளர்ந்தது. ஆயினும் கிராமத்து ஏழைக் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற எண்ணம் அவரை 1945-இல் போர்டி என்ற கடற்கரைக் கிராமத்திற்கு அழைத்துச் சென்றது. விலையுயர்ந்த மாண்டிசோரி சாதனங்களின் இடத்தைச் சிப்பிகளும் விதைகளும் இலைகளும் களிமண்ணும் பெற்றன.

எனினும் ஒரு குறை இருந்தது. ஊரின் நடுவே பாலவாடி திறந்திருந்தும், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் குழந்தைகள் அங்கு வரவில்லை. தாராபாய் பெற்றோரைக் குறை கூறவில்லை. பள்ளியையே அவர்களது குடியிருப்பிற்குக் கொண்டு சென்றார். குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி, வீட்டு முற்றத்திலேயே அமர்த்திப் பாடவும் விளையாடவும் செய்தனர் அவரும் அவரது தோழியரும். ஆங்கன் என்றால் முற்றம். அவ்வாறு பிறந்ததே அங்கன்வாடி. 1975-இல் தொடங்கிய மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாக இச்சொல் நாடெங்கும் பரவியது.

1957-இல் அவரது பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கு வாழ்ந்த வார்லிப் பழங்குடியினரின் வீடுகளில் மூத்த குழந்தையே இளைய குழந்தையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தம்பியை விட்டு அக்காள் எப்படிப் பள்ளிக்கு வருவாள்? அந்தப் பாசத்தைப் படிப்பிற்கு இடையூறாக அவர்கள் எண்ணவில்லை. குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்தனர். தம்பியையும் அழைத்துக்கொண்டு அக்காள் பள்ளிக்கு வந்தாள். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காக மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது.

இப்பணிகளில் தாராபாயின் வலக்கரமாக விளங்கியவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகி, சில மாதங்களிலேயே விதவையான அவர், பின்னர் கல்வி கற்று ஆசிரியையானார். 1945-இல் தாராபாயுடன் இணைந்தார். தாராபாய் அவரை ஏவலாளாக நடத்தவில்லை. பொறுப்பைப் பகிர்ந்தளித்து வளர்த்தார். குழந்தையிடம் காட்டிய அதே நம்பிக்கையை உடன் உழைத்தவரிடமும் காட்டினார்.

1962-இல் பத்மபூஷண் விருது பெற்ற தாராபாய், 1973-இல் மறைந்தார். பணி நின்றுவிடவில்லை. அனுதாய் 1992-இல் தாம் மறையும் வரை அதனைத் தாங்கி நடத்தினார்.

ஆணையிட்டு நடத்துபவர் அகன்றதும் பணி தளர்ந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். உறவால் கட்டப்பட்ட பணி அவ்வாறு தளர்வதில்லை. குழந்தைகளுக்குத் தொண்டாற்ற விழைவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நமது வாசலுக்கு வராத குழந்தை யார்? அதன் முற்றத்திற்கு நாம் எப்போது செல்லப் போகிறோம்?