தேர்வெழுத விரும்பாத மாணவர்

ஆண்டுத் தேர்வு நெருங்கும் நாள்களில் இம்மலர் நம் கைக்கு வந்து சேரும். ஆதலின், தேர்வெழுத மனமில்லாத ஒரு மாணவரின் வரலாற்றைச் சொல்லப் புகுவது பொருத்தமே. அவர் பெயர் டேவிட் ஹஃப்மன்.

அவரிடம் என்னை அழைத்துச் சென்றது என் தவறொன்று. ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் சாமை விளைச்சலைப் பற்றி நான் திரட்டிய கணக்குகள் ஊருக்கு ஒரு கோப்பாகக் கணிப்பொறியில் இருந்தன. அவற்றை ஒரே மூட்டையாக்கிப் பேராசிரியரிடம் தரவேண்டும். லினக்சில் இதற்கு ‘டார்’ என்றொரு கட்டளை உண்டு. காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதற்கென 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்தது அது. அதன் வேலை மூட்டை கட்டுவதே; சுருக்குவதன்று. ‘சி’ என்றால் கட்டு, ‘எக்ஸ்’ என்றால் அவிழ், ‘டி’ என்றால் அவிழ்க்காமலே உள்ளிருப்பவற்றின் பட்டியலைக் காட்டு. ‘இசட்’ சேர்த்தால் ‘ஜீ-ஜிப்’ வந்து சுருக்கித் தரும். ‘எஃப்’ கடைசியில் நிற்கவேண்டும். அதை அடுத்து எழுதுவது மூட்டையின் பெயர்.

அந்தப் பெயரைத்தான் நான் எழுத மறந்தேன். ‘எஃப்’-ஐ அடுத்து நின்ற முதற் கோப்பையே மூட்டையாகக் கொண்டு, அதன் மேலேயே எழுதிவிட்டது டார். எச்சரிக்கை ஒரு சொல் இல்லை. ஓர் ஊரின் கணக்கு முழுதும் போயிற்று, மீண்டும் மலையேறினேன். பேருந்தில் திரும்பி வருகையில்தான், மற்றக் கோப்புகள் எப்படி அவ்வளவு சிறிதாயின என்ற வியப்பு எழுந்தது.

ஹஃப்மன் 1925 ஆகஸ்ட் 9-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். பதினெட்டு வயதிலேயே ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர்க் கடற்படையில் சேர்ந்து, போருக்குப்பின் சீன, ஜப்பானியக் கடல்களில் கண்ணிவெடி அகற்றிய கப்பலொன்றில் ரேடார் அலுவலராயிருந்தார். மறுபடி படிப்பு; மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

அங்கே 1951-இல் ராபர்ட் ஃபானோ என்னும் பேராசிரியர் செய்திக் கோட்பாடு கற்பித்தார். இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு கணக்கைத் தீர்த்துக் கட்டுரை தரலாம் என்றார். நாமாயிருந்தால் எதைக் கேட்டிருப்போம் என்று சொல்லவேண்டியதில்லை! ஹஃப்மனும் கட்டுரையையே கேட்டார். கணக்கு இதுதான்: ஒரு செய்தியிலுள்ள குறிகளைச் சுழியும் ஒன்றுமாக எழுதுகையில், மொத்த நீளம் மிகக் குறைவாயிருக்க ஒவ்வொன்றுக்கும் என்ன குறியீடு தரவேண்டும்? ஃபானோவும், அத்துறையின் தந்தையான கிளாடு ஷானனும் முயன்றும் முழுமை காணாத கணக்கு அது. அதை மாணவர்களுக்கு அவர் சொல்லவில்லை. சொல்லாதது நன்மையாயிற்று என்பது என் எண்ணம். பெரியோர் தோற்ற இடமென்று தெரிந்தால் பாதிப்பேர் தொடவே மாட்டோம்.

மாதங்கள் கழிந்தன, ஒன்றும் கைகூடவில்லை. கட்டுரையைக் கைவிட்டுத் தேர்வுக்கே படிப்பதென்று முடிவு செய்து, குறிப்புகளைக் குப்பையில் எறியப்போன வேளையில் அவருக்கு விடை புலப்பட்டது. மற்றவர்கள் மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள். இவர் கீழிருந்து சேர்த்துக்கொண்டு போனார்.

எங்கள் மலைச் சரக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எட்டு வரிகள் உள்ள ஒரு பதிவில் சாமை 4 முறையும், தேன் 2 முறையும், புளியும் கடுக்காயும் ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒரே நீளக் குறியீடென்றால் வரிக்கு 2 வீதம் 16 இலக்கம். ஹஃப்மன், குறைவாக வரும் புளியையும் கடுக்காயையும் முதலில் ஒரு கிளையாக்குவார், அதனோடு தேன், அதனோடு சாமை. இப்போது சாமைக்கு 0, தேனுக்கு 10, புளிக்கு 110, கடுக்காய்க்கு 111. மொத்தம் 14 இலக்கம். ஒன்றன் குறியீடு மற்றொன்றன் தொடக்கமாக அமையாததால், நடுவே இடைவெளி விடாமலே பிரித்துப் படிக்கலாம். ஓர் இலக்கமும் இழக்காமல் மூலம் திரும்பக் கிடைக்கும். நம் காவலூர் வானாய்வுக்கூடம் போன்ற இடங்களில் எடுக்கும் விண்மீன் படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஆராய்ச்சி பிழையாகக்கூடும் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

கட்டுரை 1952-இல் அச்சேறியது. 1992-இல் ழான்-லூ கயீ, மார்க் ஆட்லர் இருவரும் வெளியிட்ட ஜீ-ஜிப், திரும்பத் திரும்ப வரும் தொடர்களை முன்வந்த இடத்தைச் சுட்டி முதலில் குறைக்கிறது. அம்முறை லெம்பெல், ஜிவ் ஆகியோர் 1977-இல் தந்தது. அதன்பின் எஞ்சுவதை ஹஃப்மன் குறியீட்டில் எழுதுகிறது. நம் ஒளிப்படக் கோப்புகளிலும் அவர் முறை இருக்கிறது.

இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1953-இல் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார். 1967-இல் சாந்தா குரூஸ் சென்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறித் துறை உருவாகத் துணைநின்றார். 1994-இல் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் அவர் மனம் தோய்ந்தது காகித மடிப்பில். வளைந்த கோட்டின் வழியே தாளை மடித்தால் என்ன உருவம் பிறக்கும் என்று கணித்து, அழகிய வடிவங்களைத் தம் கையாலேயே செய்தார். 1999-இல் ஹாமிங் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், புற்றுநோயால், தமது 74-ஆம் வயதில் மறைந்தார்.

என் சாமைக் கணக்கு இப்போது ஒரே மூட்டையாய், பெயரோடு இருக்கிறது. ‘டி’ போட்டுப் பார்த்தேன்; எல்லா ஊரும் உள்ளன.