பாடசாலை கண்ட பற்றிக் பியர்ஸ்

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அரன் தீவுகள் என்று மூன்று சிறு தீவுகள் உண்டு. பாறையும் கடற்காற்றுமே அங்கு மிகுதி. எண்டா என்ற சிற்றரசர் ஒருவர் தம் வாளையும் படையையும் துறந்து அத்தீவொன்றிலே துறவிமடம் அமைத்தாரென்றும், அவரை மனந்திருப்பியவர் அவருடைய சொந்தச் சகோதரியே என்றும் மரபு வரலாறு கூறுகின்றது. வாளை வைத்துவிட்டுச் சீடரைச் சேர்த்துக்கொண்ட இந்தப் புனிதரின் பெயரை, பல நூற்றாண்டுகளின் பின் டப்ளின் நகரிலே ஒரு கத்தோலிக்க வாலிபர் தாம் ஆரம்பித்த பாடசாலைக்குச் சூட்டினார். அவரே பற்றிக் பியர்ஸ்.

இன்று டப்ளினில் ஒரு வீதியும் ஒரு புகையிரத நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1916ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர் என்றே உலகம் அவரை அறியும். கிளர்ச்சிக்காரருடன் அவர் போர்முனையில் நின்றது ஆறே நாட்கள். பிள்ளைகளுடன் நின்றது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளையே நாம் இங்கு சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அயர்லாந்துக் குருமாரிடம் பாடங் கேட்டவர்களுக்கு அந்நாட்டின் கதை முற்றிலும் அந்நியமானதன்று.

பியர்ஸ் 1879ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி டப்ளினிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஓர் ஆங்கிலேயர், கற்சிற்பி. அயர்லாந்தெங்கும் கத்தோலிக்க ஆலயங்கள் புதிதாக எழுந்துகொண்டிருந்த காலத்தில் வேலை தேடி வந்து, அங்கேயே கத்தோலிக்க மறையைத் தழுவிக் குடியானவர். ஆங்கில ஆட்சியை எதிர்த்து உயிர் கொடுத்தவரின் தகப்பனார் ஓர் ஆங்கிலேயர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். தாயார் மார்கிரட் அயர்லாந்துப் பெண்மணி. பீடங்களும் சுரூபங்களும் செதுக்கப்படும் பட்டறை கீழே, வீடு மேலே. முதிய உறவினரான பாட்டி ஒருவர் பழைய ஐரிஷ் பாடல்களையும் வீரர் கதைகளையும் சொல்லிப் பேரப்பிள்ளைகளை உறங்க வைப்பார். பியர்ஸின் முதற் பள்ளிக்கூடம் அப்பாட்டியின் மடிதான்.

அந்நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்கதை துயரமானது. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே கத்தோலிக்கர் பாடசாலை நடத்துவதைச் சட்டம் தடுத்திருந்தது. ஆசிரியர்கள் வேலியோரங்களிலும் குடில்களிலும் மறைவாகப் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தார்கள். தடை நீங்கிய பின், 1831இல் அரசாங்கம் தேசியப் பாடசாலைகளை ஏற்படுத்தியது. தேசியம் என்பது பெயரளவில்தான். போதனை ஆங்கிலத்தில், ஐரிஷ் மொழிக்கோ நாட்டுச் சரித்திரத்துக்கோ அங்கே இடமில்லை. பல ஊர்களிலே பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறு கோலைக் கட்டித் தொங்கவிட்டு, அப்பிள்ளை வாய்தவறி ஐரிஷ் பேசும்போதெல்லாம் அக்கோலில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். மாலையில் வெட்டுக்களை எண்ணி அடி விழும். இப்பழியை அரசாங்கத்தின் தலையில் மாத்திரம் சுமத்துவது நீதியன்று. இந்த வழக்கத்துக்குப் பெற்றோரும் உடந்தையாயிருந்தனர். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் பின், கப்பலேறிப் பிறநாடு போவதே பிழைக்கும் வழியென்று ஆகிவிட்டது. ஆங்கிலம் தெரியாத பிள்ளை பட்டினி கிடக்குமென்று அவர்கள் அஞ்சினார்கள். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஐரிஷ் பேசுவோர் 15 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். 1901இல் அத்தொகை 6 இலட்சத்து 40 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது.

இடைநிலைப் பாடசாலைகளுக்கு 1878இல் வேறொரு சட்டம் வந்தது. பரீட்சையில் மாணவர் பெறும் பெறுபேற்றைப் பொறுத்தே பாடசாலைக்குப் பணம் கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. அன்றுமுதல் பிள்ளை பணம் கொண்டுவரும் பொருளாக மாறியது. சோதனைக்கென்றே பிள்ளையைப் பிழியும் வழக்கம் எத்தகையதென்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இம்முறையில் தோல்வியுற்றவரல்லர் பியர்ஸ். கிறிஸ்தவ சகோதரர்களின் பாடசாலையிற் படித்து, பரீட்சைகளில் நன்றாகச் சித்தியெய்தி, அங்கேயே சிலகாலம் ஐரிஷ் மொழி கற்பித்தவர். 1901இல் கலைமாணிப் பட்டமும் நியாயவாதித் தகைமையும் பெற்றார். ஆயினும் அவர் மனம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. அவர் தோன்றிய வழக்கொன்று இன்றும் பேசப்படுகிறது. தன் வண்டியிலே சொந்தப் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியதற்காக டொனகோல் பகுதியைச் சேர்ந்த ஒருவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அவருக்காக 1905இல் பியர்ஸ் வாதாடித் தோற்றார். ஒருவன் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதுவது குற்றமாகும் நாட்டிலே, எழுத்தைக் கற்பிக்கும் இடத்திலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் ஏற்கனவே வேரூன்றியிருந்தது. அதே ஆண்டில் அவர் பெல்ஜியம் சென்று, இருமொழிகளில் பாடம் நடக்கும் பாடசாலைகளை நேரிற் பார்த்து, தாம் ஆசிரியராயிருந்த கேலிக் சங்கப் பத்திரிகையிலே தொடர்ந்து எழுதினார். ஆங்கிலத்தை அவர் வெறுக்கவில்லை. தாய்மொழியை இழந்து அதைப் பெறவேண்டியதில்லை என்பதே அவர் வாதம்.

1908ஆம் ஆண்டு செப்டெம்பரில் டப்ளினின் ரானலா பகுதியில் ஒரு பழைய வீட்டிலே புனித எண்டா பாடசாலை திறக்கப்பட்டது. மாணவர் ஏறக்குறைய 40 பேர். ஆண்பிள்ளைகளின் கத்தோலிக்கப் பாடசாலைகளைப் பெரும்பாலும் குருமாரும் சகோதரருமே நடத்திய நாட்டில், பொதுநிலையினர் ஒருவர் இத்தகைய பாடசாலையை ஆரம்பித்தது புதுமை. தம்பி வில்லியம் சித்திரம் கற்பித்தார். கவிஞரான தோமஸ் மக்டோனா உதவி அதிபர். தாயாரும் சகோதரியும் விடுதியைக் கவனித்தனர். குடும்பம் முழுவதுமே பாடசாலைக்கு ஊழியம் செய்தது என்று சொன்னால் தவறில்லை.

ஞானோபதேசம் ஐரிஷ் மொழியில் நடந்தது. மற்றப் பாடங்கள் இருமொழியில். தோட்டவேலை, கைப்பணி, நாட்டின் சொந்த விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் நேரமிருந்தது. மாணவர் தங்கள் தலைவரைத் தாங்களே வாக்களித்துத் தெரிவுசெய்தனர். பிரம்பு அரிதாகவே எடுக்கப்பட்டது. இது பெரிய காரியம். ஏனெனில் அந்நாட்டுப் பாடசாலைகளில் அடிப்பது 1982இலேதான் முற்றாக விலக்கப்பட்டது! பிள்ளையின் மனம் ஆசிரியரின் அச்சில் வார்க்கப்படும் ஈயமன்று, இறைவன் அதில் வைத்ததை வெளிக்கொணர்வதே கல்வி என்று பியர்ஸ் உறுதியாக நம்பினார். பரீட்சைக் கல்வியைத் தாக்கி அவர் எழுதியவை பின்னர் 1916இல் கொலை இயந்திரம் என்ற பெயரிற் சிறு நூலாக வந்தன. ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். கட்டணம் வாங்கிய பாடசாலை இது. ஏழைப் பிள்ளைகளுக்கு அதன் கதவு எளிதில் திறக்கவில்லை.

புனித எண்டாவின் பெயர் வாசலில் இருந்தது. உள்ளே மண்டபச் சுவரிலோ வேறொரு சித்திரம். ஐரிஷ் பழங்கதையிலே வரும் குகூலின் என்ற சிறுவன், ஆயுள் குறுகும் ஆனாற் புகழ் நிலைக்கும் என்று அறிந்தும் ஆயுதம் ஏந்தும் காட்சி அது. வாளை வைத்த புனிதரும் வாளை எடுத்த சிறுவனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் நாள்தோறும் கண்டது சிறுவனின் படத்தையே.

1911ஆம் ஆண்டு தபசு காலத்திலே பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதிய பாஸ்கு நாடகத்தை மாணவர்கள் டப்ளினின் அபே நாடக அரங்கில் நடித்தார்கள். 1913 மே 17ஆந் திகதி அதே அரங்கிலே பாடசாலையின் நிதிக்காக இரு நாடகங்கள் மேடையேறின. ஒன்று, எங்கள் அயல்நாட்டுக் கவி இரவீந்திரநாத் தாகூரின் தபால் கந்தோர். நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் அரசரின் கடிதத்துக்காகக் காத்திருந்து கண்மூடும் கதை. மற்றது பியர்ஸின் அரசன். பாவியான அரசனால் வெல்ல முடியாத போரை மாசற்ற சிறுவனொருவன் வென்று மடியும் கதை. சாந்திநிகேதனம் கண்டவரும் புனித எண்டா கண்டவரும் ஒரே மாலையில் ஒரே மேடையில் சந்தித்தார்கள். இரு கதைகளிலும் சிறுவன் இறக்கிறான். முதலாவதில் இறப்பது நோயினால். இரண்டாவதை வாசிக்கும்போது, பின்னர் நடந்தவற்றை அறிந்த எமக்கு மனம் கனக்கிறது.

கடன் அவரை விடாமல் துரத்தியது. 1910இல் நகரை விட்டு ராத்பார்னமில் சோலையும் நீரோடையும் சூழ்ந்த பெரிய மாளிகைக்குப் பாடசாலையை மாற்றினார். இடம் சிறந்தது, ஆனால் நகரத்து மாணவருக்குத் தூரம். வரவு குறைந்தது. பழைய வீட்டில் பெண்பிள்ளைகளுக்காக ஆரம்பித்த புனித ஈட்டா பாடசாலையை 1912இல் மூடவேண்டி வந்தது. 1914இன் முற்பகுதியில் அமெரிக்கா சென்று கூட்டங்களிற் பேசிப் பணம் திரட்டித்தான் பாடசாலையைக் காப்பாற்றினார். கணக்கறிந்த நிருவாகியாக அவரைப் புகழ முடியாது.

இதற்கிடையில் அரசியல் அவரை இழுத்துக்கொண்டது. 1912இலே சுயாட்சி மசோதாவை ஆதரித்து மேடையேறியவர், 1913இன் இறுதியில் தொண்டர் படையிலும் இரகசியப் புரட்சிச் சங்கத்திலும் சேர்ந்திருந்தார். 1915இன் கல்லறைப் பிரசங்கமொன்று அவரை நாடறியச் செய்தது. அமெரிக்காவிலே பாடசாலைக்குப் பணம் கொடுத்தவர்களுட் பலர் புரட்சிக்கும் கொடுத்தவர்களே. பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டு பாடசாலையிலே தங்கியிருந்த பழைய மாணவர்கள் அந்த வீட்டின் நிலவறையில் வெடிகுண்டு செய்யத் தொடங்கினார்கள். பிள்ளைகள் படிக்கும் வீட்டின் கீழ் வெடிமருந்து! எந்த நியாயம் சொன்னாலும் இதை ஏற்க எமக்கு மனம் வரவில்லை.

1916 ஏப்ரில் 24, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள். டப்ளின் பிரதம தபால் கந்தோரைக் கைப்பற்றி, அதன் முன்னே சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார் பியர்ஸ். பழைய மாணவர் பலர் உள்ளே இருந்தனர். இராணுவம் பீரங்கி கொண்டு தாக்கியது. நகரின் நடுப்பகுதி எரிந்தது. அவ்வாரத்தில் மாண்டோர் ஏறக்குறைய 485 பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள். 16 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான 40 சிறார் அவர்களுள் அடங்குவர். உடைந்து கிடந்த இனிப்புக் கடைகளை நாடி ஓடிய தெருப்பிள்ளைகளும், வீட்டினுள்ளே குண்டு பாய்ந்து இறந்த குழந்தைகளும் அதிலுண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்களின் பெயர்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பற்றி அத்துணை அழகாக எழுதியவரின் புரட்சியிலே இது நடந்தது.

சனிக்கிழமை, 29ஆந் திகதி, தபால் கந்தோரை விட்டு அயலிலுள்ள வீடுகளுக்குள் ஒதுங்கியிருந்த பியர்ஸ், பொதுமக்கள் தெருவிலே சுடப்பட்டு வீழ்ந்ததை அறிந்தார். மேலும் குடிமக்கள் சாகக்கூடாதென்று சரணடைந்தார். அதை எழுத்திலும் வைத்தார். போர் வெறியர் என்று அவரைச் சொல்வோர் இந்தச் சரணாகதியையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மே 3ஆந் திகதி விடியுமுன், கப்புச்சின் சபை அலோய்சியஸ் சுவாமியார் சிறைக்கு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு நற்கருணை வழங்கினார். தாயாருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, கில்மேனம் சிறை முற்றத்தில் 36ஆம் வயதில் பியர்ஸ் சுடப்பட்டார். அதே காலையில் மக்டோனாவும், மறுநாள் தம்பி வில்லியமும், 8ஆந் திகதி தேகப்பயிற்சி பழக்கிய கொன் கொல்பேர்ட்டும் சுடப்பட்டனர். ஒரு சிறு பாடசாலையின் ஆசிரியர்களுள் நால்வர் ஆறு நாட்களில் இல்லாமற் போயினர்.

அயர்லாந்துத் திருச்சபை இதை ஒரே குரலில் தீர்க்கவில்லை. ஆயர்களுட் சிலர் கிளர்ச்சியைக் கண்டித்தனர். லிமரிக் ஆயர் ஓடுவயரோ, சரணடைந்தவர்களைக் கொன்றதற்காகத் தளபதி மாக்ஸ்வெல்லை நேரடியாகக் கடிந்தெழுதினார். பின்னாளில் இயேசு சபைக் குருவானவர் பிரான்சிஸ் ஷோ, தேசத்துக்காக இறப்பதைக் கிறீஸ்துவின் சிலுவைப் பலியோடு பியர்ஸ் ஒப்பாக்கியது விசுவாசத்துக்கும் சரித்திரத்துக்கும் பொருந்தாதென்று நீண்ட கட்டுரை வரைந்தார். 1966ஆம் ஆண்டின் பொன்விழாக் காலத்துக்கென எழுதப்பட்ட அது அப்போது வெளியிடப்படாமல், அவர் மரித்த பின் 1972இலேயே அச்சேறியது. ஷோ அடிகளின் கருத்தே எமக்கும் சரியெனப் படுகிறது. கல்வாரியிலே பலியானவர் பிறரைத் தம்மோடு பலிக்கு அழைத்துச் செல்லவில்லை. தம் சீடனின் வாளை உறையிலே போடச் சொன்னார். ஆயினும் பியர்ஸின் விசுவாசத்தை ஐயுறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இரு ஆண்மக்களையும் ஒரு வாரத்தில் இழந்த மார்கிரட் அம்மையார் அவ்வாண்டே பாடசாலையை மீண்டும் திறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பணத்தினால் ராத்பார்னம் மாளிகை சொந்தமாக வாங்கப்பட்டது. ஆனால் ஆசிரியர் போன பின் பாடசாலை முன்போலாகவில்லை. அம்மையார் 1932இற் காலமானார். 1935இற் பாடசாலை மூடப்பட்டது. சுதந்திர அயர்லாந்து ஐரிஷ் மொழியை எல்லாப் பாடசாலைகளிலும் கட்டாய பாடமாக்கியது; பரீட்சையோ வேறு பெயரோடு இருந்தே வந்தது. 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், பாடசாலைக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசுவோர் 72,000 அளவினரே.

சகோதரி மார்கிரட் மேரி 1968இல் இறக்கும்வரை அவ்வீட்டைப் பேணி, அரசுக்கு விட்டுச்சென்றார். இப்போது அது நூதனசாலை. பியர்ஸின் படிப்பறையும், மாணவரின் படுக்கைக் கூடமும், சிற்றாலயமும் அங்கே காணக்கிடக்கின்றன. சுற்றியுள்ள சோலை பொதுமக்களுக்குத் திறந்த பூங்கா. ராத்பார்னம் பிள்ளைகள் அங்கே விளையாட வருகிறார்கள்.