திருக்கணிதம் வளர்த்த ரகுநாதாசாரியார்

கும்பாபிஷேகத்திற்கு முகூர்த்தம் குறிக்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டும் நம்மில், சிந்தாமணி ரகுநாதாசாரியாரை நினைப்பார் சிலரே. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றிய அப்பெரியார், நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றினார். 1867-ல் தென்வானில் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தார். மறு ஆண்டு ஆகஸ்டு 18-ல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தி சென்று ஆராய்ந்தார்.

இரவெல்லாம் தொலைநோக்கியில் அவர் கண்ட வானமும், பரம்பரையாக வந்த வாக்கியக் கணக்கும் ஒத்துவரவில்லை. திதி சில நாழிகை பிசகினால் ஏகாதசி விரதமும் பித்ரு சிராத்தமும் நாள் மாறிவிடுமன்றோ! ஆதலின் கண்கூடான கிரக நிலைக்கு இசைந்த திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். ('திருக்' என்னும் வடசொல்லுக்குப் பார்வை என்பது பொருள்.) முன்னோர் நெறியை அவர் கைவிட்டாரல்லர், கணக்கையே திருத்தினார். 1874-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடக்கவிருந்தபோது, பண்டிதரும் சித்தாந்தியும் உரையாடும் பாங்கில் நம் நாட்டு மொழிகளில் அதனை விளக்கினார். 1880-ல் இறைவனடி சேர்ந்தார்.

வாக்கியமும் அழிந்துவிடவில்லை. 2023-ல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17; வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் டிசம்பரிலேயே விழா நடந்தது.