தென் எல்லைக் காவலர் மார்ஷல் நேசமணி

சாரல் வீசும் நம் செங்கோட்டை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது. குற்றாலமும் தென்காசியும் கூப்பிடு தூரம். நம் ஊர் ஆறுகளும் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. ஆயினும் 1956 வரை இவ்வூர் மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூருடன் இணைந்திருந்தது. மாவட்டத் தலைமையிடம் கொல்லம். அந்த எல்லைக் கோட்டை மாற்றப் பாடுபட்டவருள் முதன்மையானவர் மார்ஷல் நேசமணி அவர்கள்.

அவர் 1895-ஆம் ஆண்டு விளவங்கோடு வட்டத்திலுள்ள பள்ளியாடியில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று நாகர்கோவிலில் வழக்கறிஞரானார். அக்காலத்தில் அங்கே உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்தன என்றும், அவர் முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியிலேயே அமர்ந்தார் என்றும் கூறுவர். மனிதருள் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது அவரது உறுதியான கொள்கை.

1947-இல் அவர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் சேர்ந்து அதன் பெருந்தலைவராக விளங்கினார். தமிழர் மிகுந்த வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேரவேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் குறிக்கோள். பாராளுமன்ற உறுப்பினராகி டில்லியிலும் இதற்காக வாதாடினார். 1954-இல் தேவிகுளத்தில் தடையை மீறிச் சிறை சென்றார். அதே ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எளிய மக்கள் பலர் உயிர்நீத்தனர்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துடன் இணைந்தது. ஆனால் ஆரியங்காவை அடுத்த மலைக்காடுகளும், அவர் பெரிதும் விரும்பிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. வெற்றியின் நடுவே இது அவருக்கு ஆறாத குறையாயிற்று.

இணைப்புக்குப்பின் அவர் தமிழகச் சட்டமன்றத்திலும், மீண்டும் பாராளுமன்றத்திலும் பணியாற்றினார். 1968 ஜூன் 1-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் மறைவால் காலியான நாகர்கோவில் தொகுதியில் 1969-இல் நின்று வென்றவர் பெருந்தலைவர் காமராசர்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது நம் ஊர் அதில் சேர்ந்தது. முன்பு மலை தாண்டிச் செல்லவேண்டியிருந்த மாவட்டத் தலைமையிடம் இன்று நமக்குப் பக்கத்திலேயே உள்ளது. அன்புத் தோழியரே, நிலப்படத்தில் எல்லைக்கோடு வரையும்போது, அதற்காகச் சிறை சென்றவர்களையும் உயிர் ஈந்தவர்களையும் நினைத்துக்கொள்வோம். மலைக்கு அப்பால் வாழ்வோரும் நம் சகோதரரே என்பதையும் மறவாதிருப்போம்.