வானமே ஆய்வுக்கூடம்

நுழையும்முன்

புதிய விமானம் ஒன்று வரைபடத்தில் பிறந்து, தொழிற்கூடத்தில் உருப்பெற்று, ஓடுபாதையில் வந்து நிற்கிறது. அது பறக்கும் என்று கணக்குகள் கூறுகின்றன. ஆயினும், அக்கணக்குகள் சரிதானா என்பதை யாரேனும் ஒருவர் முதன்முதலாக அதில் ஏறிப் பறந்தே உறுதிசெய்தல் வேண்டும். அவரே சோதனை விமானி. படைவிமானியாகத் தொடங்கி, விமான உருவாக்கத்தையே தம் வாழ்நாட்பணியாக ஏற்றுக்கொண்ட குரூப் கேப்டன் சுரஞ்சன் தாசின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சாலைக்கு வாய்த்த பெயர்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை இப்பகுதி மக்களுக்கு நன்கு பழகியது. படிப்புக்காகவும் வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் நாள்தோறும் பலர் அவ்வழியே செல்கின்றனர். பெங்களூருவின் கிழக்குப் பகுதியில், பழைய சென்னைச் சாலையிலிருந்து விமானத் தொழிற்சாலையை நோக்கித் திரும்பும் சாலைக்குச் சுரஞ்சன் தாஸ் சாலை என்று பெயர். அவ்வழியே செல்வோர் பலரும் அதனை ஒரு சாலையின் பெயராகவே அறிவர். அப்பெயருக்குரியவர், அச்சாலை சென்று சேரும் விமானத் தளத்திலேயே தம் வாழ்வின் பெரும்பணியை ஆற்றியவர். அங்கேயே தம் உயிரையும் ஈந்தவர்.

நீதியரசரின் மகன்

சுரஞ்சன் தாஸ் 1920ஆம் ஆண்டு, கல்வியிற் சிறந்த வங்காளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய தந்தையார் சுதி ரஞ்சன் தாஸ், இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். சட்டத்துறையில் உயர்ந்து, இந்திய உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். தந்தை சென்ற பாதையில் மகன் செல்லவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் விமானப் படையில் சேர்ந்தார். எனினும், இருவர் பணிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சான்றுகளைச் சார்பின்றி ஆராய்ந்து தீர்ப்பு வழங்குவது தந்தையின் கடமை. விமானத்தின் நிறைகுறைகளை விருப்பு வெறுப்பின்றி ஆராய்ந்து உரைப்பதே மகனின் கடமையாயிற்று.

போர் முடிந்த பின்னர், இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கென அமைந்திருந்த புகழ்பெற்ற பள்ளியில் அவர் பயிற்சி பெற்றார். அப்பயிற்சியைப் பெற்ற முதல் சில இந்தியர்களுள் அவரும் ஒருவர். அப்பயிற்சி அவர் வாழ்வின் திசையையே மாற்றியது.

பொறியாளரின் கண்

படைவிமானி, குறையற்றதென உறுதிசெய்யப்பட்ட விமானத்தை ஓட்டுகிறார். சோதனை விமானியோ, குறை இருக்கக்கூடும் என்று அறிந்தே விமானத்தில் ஏறுகிறார். அக்குறையைத் தேடிக் காண்பதே அவர் தொழில். எவ்வளவு குறைந்த வேகத்தில் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கின்றன, எந்த வேகத்தில் உடற்பகுதி அதிர்கிறது, திருப்பும்போது கட்டுப்பாடுகள் கைக்கு இணங்குகின்றனவா என்பனவற்றை அவர் படிப்படியாக ஆராய்தல் வேண்டும். ஒரு நாள் எட்டிய வேகத்தைவிட மறுநாள் சிறிதளவே கூட்டுவார். தரையிறங்கியதும் வடிவமைப்பாளர்களுடன் அமர்ந்து, தாம் உணர்ந்தவற்றை அளவுகளோடு எடுத்துரைப்பார். அவர் குறையை மறைத்தால் பின்னர் அவ்விமானத்தை ஓட்டும் இளம் விமானி உயிரிழக்க நேரும். மிகைப்படுத்தினால் பல ஆண்டு உழைப்பு வீணாகும். ஆதலால், துணிவினும் நேர்மையே இப்பணிக்கு முதன்மையானது.

படைவிமானியாக வேண்டும் என்று விரும்பி, அவ்வாய்ப்பு நூலிழையில் தவறியதால் பொறியியலில் நிலைத்துப் பெரும்புகழ் எய்தியவர் நம் அப்துல் கலாம். படைவிமானியாகவே இருந்து, பொறியியலுக்குள் நடந்து சென்றவர் சுரஞ்சன் தாஸ். இருவரையும் தன்பால் ஈர்த்தது பெங்களூரு விமானத் தொழிற்சாலை. 1940ஆம் ஆண்டு தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு தோற்றுவித்த அந்நிறுவனத்தில் கலாம் இளம் பயிற்சியாளராக இருந்தார். தாஸ் தலைமைச் சோதனை விமானியாக உயர்ந்தார்.

மாருத் எழுந்தது

விடுதலை பெற்ற இந்தியா, தனக்கான போர் விமானத்தைத் தானே உருவாக்க விரும்பியது. 1956ஆம் ஆண்டு செர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க், தம் குழுவினருடன் பெங்களூரு வந்தார். அவர் பொறியாளர், அதே வேளையில், தாம் வடிவமைத்த விமானங்களைத் தாமே ஓட்டிப் பார்க்கும் விமானியுமாவார். வானறிந்த பொறியாளரும் பொறியறிந்த விமானியும் ஒரே பணியில் இணைந்தனர். அவர்களோடு இந்தியப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் கைகோத்து உழைத்தனர்.

முதலில் முழு அளவில் மரத்தாலான விமானம் ஒன்று செய்யப்பட்டது. இயந்திரம் இல்லாத அதனை வேறொரு விமானம் இழுத்துச் சென்று வானில் விட, அது காற்றில் மிதந்து தரையிறங்கியது. இவ்வாறு வடிவத்தின் இயல்புகளை அறிந்த பின்னரே, இரட்டை ஜெட் இயந்திரங்கள் பொருத்திய முதல் விமானம் உருவாயிற்று. எச்.எஃப்.-24 என்னும் அவ்விமானத்துக்கு மாருத் என்று பெயர் சூட்டினர். காற்றைக் குறிக்கும் மாருதம் என்னும் சொல் தமிழுக்கும் பழகியதே.

1961ஆம் ஆண்டு சூன் 17 அன்று, மாருத் விமானத்தைச் சுரஞ்சன் தாஸ் முதன்முதலாக வானில் செலுத்தினார். அதுவரை பிறநாட்டு விமானங்களை வாங்கியும் உரிமம் பெற்றுக் கட்டியும் வந்த ஒரு நாடு, தன் மண்ணில் உருவாகிய ஜெட் போர் விமானம் மேலெழுவதை அன்று கண்டது. 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று, கிரண் என்னும் பயிற்சி ஜெட் விமானத்தையும் முதன்முதலாகப் பறக்கச் செய்தவர் அவரே. பிற்காலத்தில் விமானப் படை வீரர் பல தலைமுறையினர் கிரணில்தான் ஜெட் விமானம் ஓட்டப் பழகினர்.

தீராத குறை

மாருத் விமானத்தின் வடிவம் சிறப்பாக அமைந்தது. வானில் அது கைக்கு இணங்கியது. ஆயினும், அதற்குரிய ஆற்றல்மிக்க இயந்திரம் கிடைக்கவில்லை. ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் பறத்தலே வடிவமைப்பின் நோக்கம். அதற்காகக் கருதப்பட்ட பிரித்தானிய இயந்திரத்தின் உருவாக்கம் பணமின்மையால் நின்றுபோயிற்று. ஆகவே, ஏறத்தாழ 2,200 கிலோகிராம் உந்துவிசை தரும் சிறிய ஆர்ஃபியஸ் இயந்திரங்கள் இரண்டைப் பொருத்த நேர்ந்தது. அவற்றைக் கொண்டு ஒலியின் வேகத்தை எட்டுவதே அரிதாயிற்று. வேறு நாடுகளில் தக்க இயந்திரத்தைத் தேடிய முயற்சிகளும் கைகூடவில்லை.

எஞ்சியது ஒரு வழி. ஜெட் இயந்திரத்திலிருந்து வெளியேறும் வெப்பக்காற்றில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரித்தால் உந்துவிசை கூடும். ஆர்ஃபியஸ் இயந்திரத்துக்கு ஏற்ப இம்முறையைப் பெங்களூருவிலிருந்த இந்திய ஆய்வாளர்களே உருவாக்கினர். விமானத்தின் பின்பகுதியை மாற்றி அதனைப் பொருத்தினர். இனி அதனைப் பறந்து பார்த்தல் வேண்டும்.

இறுதிப் பறப்பு

சுரஞ்சன் தாஸ் அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். அத்தகைய வயதில் மேசைப் பணிக்கு மாறுவோர் பலர். ஆனால், மாருத்தை முதன்முதலாகப் பறக்கச் செய்த அவர், அதன் பெருங்குறையைத் தீர்க்கும் முயற்சியிலும் தாமே விமானத்தில் ஏறினார்.

1970ஆம் ஆண்டு சனவரி 10 அன்று, மாற்றியமைக்கப்பட்ட அவ்விமானம் பெங்களூரு ஓடுபாதையிலிருந்து மேலெழுந்த சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை மறைவுக்குப் பின் வழங்கிச் சிறப்பித்தது. அவர் எந்த முயற்சிக்காக உயிர் கொடுத்தாரோ அம்முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. மாருத் தன் குறையுடனேயே பணியாற்ற வேண்டியதாயிற்று.

விட்டுச் சென்ற வினா

ஆயினும், அவர் உழைப்பு வீணாகவில்லை. 147 மாருத் விமானங்கள் உருவாக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுப் போரில், அவர் மறைந்து இரண்டாண்டுகள் நிறைவதற்குள், இராசத்தான் எல்லையில் அவை தாழப் பறந்து தாக்கின. அப்போரில் எதிரி விமானத்துடன் நடந்த வான்போரில் ஒரு மாருத்கூட வீழ்த்தப்படவில்லை. கட்டுப்பாட்டுக்கு இணங்கிய அவ்விமானத்தின் இயல்பு, சோதனைக் காலத்தில் ஒவ்வொரு பறப்பிலும் ஆராய்ந்து செம்மைப்படுத்தப்பட்டதாகும். அதனை நம்பி ஏறிய இளம் விமானிகள், தமக்கு முன்பே ஒருவர் அதன் எல்லைகளை அளந்து வைத்திருந்ததனால் காக்கப்பெற்றனர்.

2001ஆம் ஆண்டு சனவரி 4 அன்று, அதே பெங்களூரு ஓடுபாதையிலிருந்து தேஜஸ் என்னும் இந்தியப் போர் விமானம் முதன்முதலாக மேலெழுந்தது. வடிவம் நம்முடையது, இயந்திரம் அயல்நாட்டினுடையது. மாருத்துக்கு வாய்க்காத தக்க உள்நாட்டு இயந்திரம், நாற்பது ஆண்டுகள் கழித்தும் தேஜசுக்கு வாய்க்கவில்லை. சுரஞ்சன் தாஸ் தம் இறுதிப் பறப்பில் விடை தேடிய வினா இன்னும் முடிவுறாமல் இருக்கிறது.

அவ்வினாவுக்கு விடை காண்போர், இன்று பதினோராம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் பயில்வோருள் இருக்கக்கூடும். அவர்கள் ஒருநாள் நெடுஞ்சாலை வழியே பெங்களூரு சென்று, அச்சாலையின் பெயர்ப்பலகையைக் காணும்போது, அப்பெயரை அறிந்தவராகக் கடந்து செல்வர்.

கற்பவை கற்றபின்

1. சோதனை விமானிக்குத் துணிவினும் நேர்மையே முதன்மையானது என்னும் கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் சூட்டப்பட்டுள்ள பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அப்பெயருக்குரியவரின் வாழ்வைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.