சாம்பல் ஆண்டில் அமீருல் முஃமினீன்



உமர் (ரலி) அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீரம், நீதி, வெற்றிகள் என்று பேச்சு போய்விடும். இரவில் மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்ற நிகழ்ச்சியை எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். இந்த வாரம் அவற்றை விட்டுவிட்டு, அவர்களுடைய பத்தாண்டு ஆட்சியின் மிகக் கடினமான ஒன்பது மாதங்களை மட்டும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உமர் (ரலி) அவர்களே ஊரை விட்டு வந்தவர். மக்காவில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்து வளர்ந்தவர், பிறகு வியாபாரி. இஸ்லாத்தை எதிர்த்து, பின் அதையே ஏற்று, கடைசியில் வீட்டையும் ஊரையும் விட்டு ஹிஜ்ரத் செய்தார்கள். மதீனாவில் அன்ஸாரிகள் இடம் கொடுத்தார்கள். அடுத்தவர் ஊரில் வந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஹிஜ்ரி 13ல் கலீஃபா ஆனார்கள். ஹிஜ்ரி 18ல், அதாவது கி.பி. 639 வாக்கில், ஹிஜாஸ் பகுதியில் மழை நின்றுபோனது. பூமி காய்ந்து கருகியது. காற்றடித்தால் சாம்பல் போலப் புழுதி பறந்தது. அதனால்தான் அந்த ஆண்டுக்கு ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு என்று பெயர். ஆடும் ஒட்டகமும்தான் கிராமத்து அரபிகளின் சொத்து. அவை செத்து விழுந்தபின் பாலைவனத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? குழந்தை குட்டிகளோடு நாலாபுறமிருந்தும் மதீனாவை நோக்கி நடந்தார்கள். பனூ ஹாரிஸா, பனூ அப்துல் அஷ்ஹல் குடியிருப்புகளின் பக்கமும் பகீஃ பக்கமும் கூட்டம் கூட்டமாகத் தங்கினார்கள்.

உமர் (ரலி) அவர்கள் முதலில் செய்தது நிர்வாகம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு பொறுப்பாளர். மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) அவர்களில் ஒருவர். மாலையானால் அத்தனை பேரும் கலீஃபாவிடம் வந்து தங்கள் பகுதியின் நிலையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் இரவு, உணவுக்கு வந்தவர்களை எண்ணச் சொன்னார்கள். 7,000 பேர். அதோடு விடவில்லை. வர முடியாத நோயாளிகளையும் குழந்தைகளையும் வீட்டாரையும் எண்ணச் சொன்னார்கள். 40,000 பேர்! சில நாட்களில் இந்தக் கணக்கு 10,000, 50,000 என்று உயர்ந்ததாக இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். வரிசையில் நிற்பவரை எண்ணுவது எளிது. எழுந்து வர முடியாதவரை எண்ணுவதற்குத் தேடிப் போக வேண்டும்.

ஸஹர் நேரத்திலேயே சமையல் ஆட்கள் எழுந்து பெரிய பானைகளை அடுப்பேற்றினார்கள். மாவுக் கஞ்சி நோயாளிகளுக்கு, எண்ணெயில் ஊறிய ரொட்டி மற்றவர்களுக்கு. அப்படியும் மரணம் நிற்கவில்லை. கஃபன் துணி கலீஃபாவிடமிருந்து போனது. ஜனாஸா தொழுகையை அவர்களே நடத்தினார்கள்.

இனி அவர்களுடைய சொந்த வயிற்றுக்கு வருவோம். மக்கள் மீளும்வரை நெய்யும் பாலும் இறைச்சியும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். எண்ணெயையே சாப்பிட்டு அவர்களுடைய நிறம் கறுத்துப்போனது. அறுத்த ஒட்டகத்தின் திமிலையும் ஈரலையும் ஒருநாள் முன்னால் வைத்தபோது, நல்ல பகுதியைத் தாம் தின்று எலும்பை மக்களுக்குப் போடும் ஆட்சியாளன் கெட்டவன் என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பினார்கள். தம் பிள்ளை ஒருவர் கையில் தர்பூசணியைப் பார்த்தபோதும் கோபப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜகாத் வசூலையும் தள்ளிவைத்தார்கள்.

ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகச் சுமை உணவோடு வந்தார்கள். இராக்கிலிருந்தும் வந்தது. இதெல்லாம் போதாமல் போயிருந்தால், மதீனாவின் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டாரின் எண்ணிக்கைக்குச் சமமாகப் பசித்தவர்களை அமர்த்த எண்ணியிருந்தார்கள். பாதி வயிறு உண்பதால் யாரும் சாவதில்லை என்பது அவர்களுடைய கணக்கு. உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் இன்னும் ஐந்து பேர். நம் பிளாட்டில் இதை நினைத்துப் பாருங்கள்!

இது எங்கோ அரபு நாட்டுச் செய்தி என்று எண்ண வேண்டாம். கோவிலம்பாக்கத்தில் 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றதை நாம் இன்னும் பேசுகிறோம். ஆனாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடும் நிலை நமக்கு வரவில்லை. நம் முன்னோருக்கு வந்தது. 1876ல் பருவமழை பொய்த்து வந்த தாது வருஷப் பஞ்சம் அது. கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்னைக்கு நடந்து வந்தார்கள். துறைமுகத்தில் தானியம் இறங்கியது, ரயிலும் ஓடியது. ஆனால் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்பவரின் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு சில்லறைக் காசு. இது உடம்புக்குப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்துக் கூலி கூட்டப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். பஞ்சம் முடிவதற்குள் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தானியம் இல்லாமல் அல்ல, வாங்கக் காசு இல்லாமல் மாண்டவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

ரேடியல் சாலையில் துரைப்பாக்கம் போய், ஓ.எம்.ஆரைத் தாண்டினால் பக்கிங்ஹாம் கால்வாய் வரும். அதன் நகரப் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78ல் இந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான். அன்றைய ஆளுநரின் பெயர் அதற்கு. உமர் (ரலி) அவர்களின் காலத்திலும் ஒரு கால்வாய் உண்டு. எகிப்து வசப்பட்ட பிறகு, நைல் நதியைச் செங்கடலோடு சேர்த்து, தூர்ந்து கிடந்த பழைய வாய்க்காலை அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு மீண்டும் திறக்கச் செய்தார்கள். எகிப்தின் கோதுமை கப்பலேறி, மதீனாவுக்குத் துறைமுகமான ஜாருக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு சாம்பல் ஆண்டு வந்தால் மதீனா கையைப் பிசைந்து நிற்கக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது.

கடைசியில், நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காக துஆ செய்தார்கள். மழை வந்தது. வந்தவர்களை அப்போது எப்படி அனுப்பினார்கள் என்று பாருங்கள். போய்விடுங்கள் என்று விரட்டவில்லை. வழிக்கு உணவும் ஏறிச்செல்ல வாகனமும் கொடுத்து, அவரவர் ஊருக்கு அனுப்ப ஆட்களை நியமித்தார்கள். தாமே நின்று வழியனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜகாத் வசூலிக்கப் போனவர்களிடம், இரண்டு ஆண்டுக்கானதை வாங்கி, ஒரு பங்கை அங்கேயே அந்த மக்களுக்குப் பிரித்துவிட்டு மறு பங்கை மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள்.

நம் தாது வருஷக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு வழியனுப்பு கிடைக்கவில்லை. பலர் கங்காணிகளோடு கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். காட்டு வழியில் விழுந்தவர்கள் உண்டு. தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த தமிழர்களின் சந்ததியில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1964ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். போன தலைமுறையும் அகதி, திரும்பிய தலைமுறையும் அகதி. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அந்தப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள்.

சாம்பல் ஆண்டுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் உமர் (ரலி) அவர்கள் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 23ல் ஃபஜ்ர் தொழுகையில் கத்தியால் குத்தப்பட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி மகன் அப்துல்லாஹ்விடம் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். எண்பத்தாறாயிரம் அளவுக்கு இருந்தது. அடுத்து வரும் கலீஃபாவுக்கு அவர்கள் செய்த வஸிய்யத்தில் முஹாஜிர்கள் இருந்தார்கள், அன்ஸாரிகள் இருந்தார்கள். அந்தக் கிராமத்து அரபிகளும் இருந்தார்கள்: அவர்களிடம் மிஞ்சியதிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், எடுத்ததை அவர்களின் ஏழைகளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று.