வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்

அடுப்பிலிருந்து அன்னத்தை ஆக்குந் தீயே கூரையிற் பற்றின் குடிலை எரிக்கும். சட்டக் கல்வியும் அத்தன்மைத்து. எளியாரைக் காப்பதும் அதுவே. எளியாரை வாட்டுவதும் அதுவே. நம் சமூகத்து இளைஞர் பலர் இந்நாளிற் சட்டம் பயில்கின்றனர். அவருட் சிலர் குற்ற வழக்குகளை நடத்தும் சர்க்கார் வக்கீல் உத்தியோகத்தையும் விரும்புகின்றனர். அன்னார் கண்முன் நிறுத்தத் தக்க சரித்திரம் ஒன்று நம் நெல்லைச் சீமையிலேயே உளது. அது தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களுடையது. கப்பலையும் செக்கையும் சொன்ன அளவில் அவரைச் சிறு குழந்தையும் அறியும். ஆயின் அவர் பொதுவாழ்வைத் தொடங்கியதும் இறுதிக் காலத்திற் குடும்பத்தைப் புரந்ததும் வக்கீல் தொழிலாலேயே என்பதைச் சிந்திப்பார் சிலரே. அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில், சைவ வேளாளர் குலத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் திருமகனாராகப் பிறந்தார். தந்தையாரும் அவ்வூரில் வக்கீலாக விளங்கியவர். மைந்தர் சிலகாலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1894-ஆம் ஆண்டிற் பரீக்ஷை தேறி, மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். தந்தையார் சிவில் வழக்குகளிற் பேர் பெற்றவர். மைந்தர் மனமோ கிரிமினல் வழக்குகளிற் சென்றது.

அக்காலத்துக் கிரிமினல் கோர்ட்டுகளின் நிலையை அறிந்தாலன்றி அவர்தம் தொழிலின் அருமை விளங்காது. தாலுகாவில் வரி தண்டும் ரெவினியூ உத்தியோகஸ்தரே பல இடங்களில் ஸப் மாஜிஸ்டிரேட்டாகவும் அமர்ந்து நியாயம் வழங்குவர். குற்றத்தைத் துப்பறிவதும் போலீஸ் இலாகா; கீழ்க் கோர்ட்டுகளிற் குற்றஞ்சாட்டி வழக்கை நடத்துவதும் பெரும்பாலும் அவ்விலாகாவினரே. துப்பறிந்த உத்தியோகஸ்தரே வழக்கை நடத்தலாகாது என்று 1898-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்ததேனும், இருவரும் ஒரே இலாகாவின் ஊழியரே. ஒரு பக்கத்தில் சர்க்காரின் வலிமை அனைத்தும் திரண்டு நிற்க, மறுபக்கத்தில் எழுத்தறியாக் குடியானவன் கைகட்டி நிற்பான். இடையில் நின்று அவனுக்காக நா அசைப்பவர் வக்கீல் ஒருவரே.

பிள்ளையவர்கள் அவ்விடத்தில் அஞ்சாது நின்றார். ஏழைகளிடம் கூலி பெறாமலே வழக்காடினார். பொய்ச் சாட்சியங்களைக் குறுக்கு விசாரணையிற் கலைத்தார். போலீஸார் கொணர்ந்த வழக்குகள் பல அவர்முன் நில்லாது ஒழிந்தன. அதனாற் குடிகளின் அன்பும் போலீஸாரின் பகையும் ஒருங்கே வளர்ந்தன. பகை முற்றுதல் கண்ட தந்தையார் மைந்தரைச் சொந்த ஊரில் வைத்திருத்தல் தகாதென்று கருதி, 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அனுப்பினார்.

தூத்துக்குடி அன்று கரையையொட்டிக் கப்பல் அணைய இயலாத ஆழமற்ற துறை. நீராவிக் கப்பல்கள் பல மைல் தூரத்தில் நங்கூரமிடும். தோணிகள் சரக்கையும் மாந்தரையும் சுமந்து போய்வரும். முத்துக்குளிப்பு நடைபெறும் காலங்களில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். கல்லைக் காலிற் பிணைத்துக் கடலடியில் இறங்குவோனுடைய உயிர், மேலே தோணியிற் கயிறு பிடித்து நிற்பவன் கையில் உள்ளது. அவன் ஒரு நொடி அயர்ந்தாலும் இறங்கினவன் மீளான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு வக்கீலும் அத்தகையவரே. அக்கயிற்றைப் பிள்ளையவர்கள் அயராது பிடித்தார் என்பதே அவர்தம் தொழிலுக்குரிய புகழ்.

ஈண்டு நம்மவர் கருதவேண்டிய செய்தி ஒன்றுளது. பிள்ளையவர்கள் இராமையா தேசிகர் என்னும் கண்ணிழந்த வேதாந்தியைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினார். தேசிகர் வேறு குலத்தவராதலின் சுற்றத்தார் வெறுத்தனர்; ஊரார் பழித்தனர். முதல் மனைவியாராகிய வள்ளியம்மையாரோ தம் கையாலேயே அவருக்கு அன்னம் இட்டார். கோர்ட்டில் ஏழைக்குச் சமநிலை வேண்டி வாதித்தவர் வீட்டிலும் அதனையே கைக்கொண்டார். இன்று அவரை நம்மவர் என்று பெருமை பேசும் நாம், அன்று அவர் வாசலில் முகஞ்சுளித்து நின்றவர்களும் நம்மவரே என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி சுதேசிக் கப்பற் கம்பெனி ரிஜிஸ்தர் செய்யப்பெற்றது. மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லக்ஷம் ரூபாய்க்குப் பங்கு கொண்டார். குலமும் சமயமும் பாராது திரண்ட செல்வத்தால் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. இவ்வரலாறு யாவரும் அறிந்ததாதலின் விரிக்காது விடுகின்றோம்.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்றனர். மில் நிர்வாகம் இணங்கியது. மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர்.

பிறருக்காகக் கோர்ட்டில் நின்றவர் இப்பொழுது தாமே கூண்டில் நின்றார். அவர்மீது கூறப்பட்ட குற்றம் இரண்டு: ஒன்று, பிரசங்கங்களால் இராஜத்துரோகம் விளைத்தமை, மற்றொன்று, சிவாவுக்கு இடமளித்து அவர் குற்றத்திற்கு உடந்தையானமை. இராஜத்துரோகத்திற்குரிய 124-ஏ பிரிவு 1870-இற் சட்டத்திற் புகுந்தது. 1897-இல் திலகரைச் சிறைக்கு அனுப்பியதும் அதுவே. ஜூலை மாதம் 7-ஆம் தேதி அடிஷனல் செஷன்ஸ் ஜட்ஜு பின்ஹே துரை இரு குற்றங்களுக்கும் ஆயுட்காலத் தீவாந்தர சிக்ஷை விதித்தார். விருந்தினரைப் பேணிய செயலும் அவ்வளவு பெருங் குற்றமாகக் கணிக்கப்பட்டமை காண்க. செய்தி கேட்ட இளவல் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பின்னர்ச் சென்னை ஹைக்கோர்ட்டு இராஜத்துரோகத் தண்டனையை 6 ஆண்டுகளாகக் குறைத்தது. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் விடுதலை எய்தினார். அதற்குள் கம்பெனி கலைந்தது. காலியாக் கப்பல் போட்டியாளர் கைக்கே போயிற்று.

சிறையினும் கொடியது பின்னர் வந்த வறுமை. தண்டனையுற்றமையால் வக்கீல் ஸன்னது பறிபோயிற்று. கைத்தொழில் இழந்த அவர் சென்னையிற் சிறு வியாபாரம் செய்து அல்லலுற்றார். கடல் கடந்த தென்னாப்பிரிக்கத் தமிழர் பொருள் திரட்டி அனுப்பினர். அவ்வறுமையிலும் 1917-இல் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார்.

பல ஆண்டுகள் கழிந்தபின், நெல்லைச் சீமையில் முன்னர் உத்தியோகம் பார்த்து அவரை அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் ஸன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் புதல்வர் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் அனைத்தும் இழந்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை மைந்தனுக்குச் சூட்டினார் என்றால், அவர் பகைத்தது முறைகேட்டையன்றி மனிதரையன்று என்பது தெளிவாம். பின்னர்க் கோவிற்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் வாழ்ந்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் தேதி உயிர் நீத்தார். இறுதியில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் கொடுக்கவேண்டிய கடன்களையும் குறித்துவைத்தார். பிறர் கணக்கை நேர் நிறுத்திய வக்கீல் தம் கணக்கையும் மறைத்திலர்.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாஜிஸ்டிரேட்டுக் கோர்ட்டுகளிலும் உதவிச் சர்க்கார் வக்கீல்களை நியமிக்க வகை செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அம்முறையைக் கைவிடவில்லை. அவ்வுத்தியோகத்தில் அமரும் நம் இளைஞர் ஒன்று நினைக்க. சர்க்கார் வக்கீலின் வெற்றி தண்டனைகளை எண்ணிக் கணிக்கப்படுவதன்று. உண்மையைக் கோர்ட்டின் முன் வைத்தலும், எதிரிக்கு அனுகூலமான சாட்சியத்தை ஒளியாமையுமே அவர் கடமை. குற்றஞ்சாட்டுவோர் அறந்தவறின் ஒரு குடும்பம் எவ்வாறு சிதையும் என்பதற்குப் பிள்ளையவர்கள் வாழ்வே சான்று. எதிரே நிற்பவன் நம் குலத்தவனா பிறனா என்று பாராத கண்ணும் அவ்வாழ்விலிருந்தே நாம் கற்கத் தக்கது.

தூத்துக்குடித் துறைமுகம் 2011-ஆம் ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. துறைக்குப் பெயரிடுதல் அரசின் செயல். அப்பெரியார் காட்டிய நெறியில் ஒரு வழக்கையேனும் நடத்துதல் நம் இளைஞர் செயல். வாழ்க சிதம்பரனார் புகழ்!